புதிய வீட்டின் நீர், காற்று, ஒலி, மின்சாரம்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழிமுறை

இங்கிலாந்தில் புதிய வீடு கட்டி முடித்தவர் சாவியைக் கொடுப்பதற்கு முன்பு சில அளவுகளைக் காட்டியாக வேண்டும். 50 பாஸ்கல் அழுத்தத்தில், வீட்டின் புறப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 8 கன மீட்டருக்கு மேல் காற்று கசியக்கூடாது. ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் 45 டெசிபெல்லாவது ஒலியைத் தடுக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 125 லிட்டருக்குள் தண்ணீர்ச் செலவு அடங்கும் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் ஐந்து சென்டில் வீடு கட்டுகிறவரிடம் இப்படி யாரும் கேட்பதில்லை. பால்காய்ப்புக்கு நாள் குறித்துவிட்டால் மீதமுள்ள வேலை முழுவதும் பெயின்டரின் கையில்தான். முதல் சாரலில்தான் வீட்டின் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

அளவுகோல்கள் நம்மிடமும் இருக்கின்றன. குடிநீருக்கு ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலை, வெப்பத்துக்கும் காற்றோட்டத்துக்கும் 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடுகளுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு, வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஆகியவற்றை வைத்தே ஒரு வீட்டைப் பெருமளவு சோதித்துவிடலாம். கீழே அறிகுறிகளின்படி வழிமுறை தரப்பட்டுள்ளது. எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: பிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிரித்தறியும் வரை எந்தக் கருவியும், எந்தப் பூச்சும் வாங்காதீர்கள். அளந்த இடம், நேரம், மழையா வெயிலா என்பதை எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள், ஏனென்றால் ஆண்டில் இரண்டு மழைக்காலங்களைக் காணும் இந்த மாவட்டத்தில் மே மாதத்து எண்ணும் நவம்பர் மாதத்து எண்ணும் ஒரே கிணற்றில் எடுத்தவை என்று நம்பவே கடினமாக இருக்கும்.

தண்ணீர் உப்புக் கரிக்கிறது, அல்லது பாத்திரத்தில் வெள்ளை படிகிறது

இவை இரண்டும் வேறு வேறு குறைகள். நாக்கில் கரிப்பது பெரும்பாலும் குளோரைடு. பாத்திரத்திலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிவது கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரிந்தால் கடினத்தன்மை என்று கொள்ளலாம். ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடையும், 200 மில்லிகிராம் கடினத்தன்மையையும் ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் முறையே 1000, 600 வரை அனுமதிக்கிறது. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும் (ஏற்கத்தக்கது 500, உச்சவரம்பு 2000). எந்த உப்பு என்று அது சொல்லாது.

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடற்கரை ஊர்களில் அந்த மீட்டரை வேறொரு விதத்தில் பயன்படுத்தலாம். மோட்டார் போட்டவுடன் ஒரு குவளை, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இன்னொரு குவளை எடுத்து அளந்து பாருங்கள். இரண்டாவது எண் தெளிவாகக் கூடியிருந்தால், நன்னீருக்கு அடியில் கிடக்கும் கடல்நீரை மோட்டார் மேலே இழுக்கிறது என்பது பெரும்பாலும் உறுதி. ஆழத்தைக் கூட்டுவதும் பெரிய மோட்டார் போடுவதும் அந்த நிலையை மேலும் மோசமாக்கும். குதிரைத்திறனைக் குறைத்து, காலையும் மாலையுமாகப் பிரித்து இறைப்பதே வழி. இரண்டு எண்ணும் ஒன்றாகவே கூடுதலாக இருந்தால் மண்ணின் தன்மையே அப்படி. குடிப்பதற்கு மட்டும் ஆர்.ஓ. வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் தரும் நீரைவிடக் கழிக்கும் நீர் பெரும்பாலும் அதிகம். அந்தக் கழிவைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு, ஆண்டுதோறும் டி.டி.எஸ். ஏறுகிறதே என்று வருந்துவோரும் உண்டு.

தண்ணீர் சிவக்கிறது

குலசேகரம், அருமனைப் பக்கத்துச் செம்மண், வெட்டுக்கல் நிலங்களில் இது சாதாரணம். காலையில் முதலில் வரும் நீர் மட்டும் சிவந்து, சற்று நேரம் ஓடிய பின் தெளிந்தால் குற்றம் குழாயில் இருக்கிறது; பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எங்கோ மிச்சமிருக்கிறது என்று பொருள். எடுக்கும்போது கண்ணாடிபோல் இருந்து, வாளியில் சில மணி நேரம் கிடந்த பிறகு சிவந்தால் குற்றம் கிணற்றில்: கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறுகிறது. வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். இத்தகைய நிலங்களில் பி.எச். அளவையும் சேர்த்துக் கேளுங்கள். அது 6.5-க்குக் கீழே போனால் நீர் சற்றே அமிலத்தன்மை கொண்டது; பித்தளைக் குழாய்முனைகளின் அடியில் பச்சைக் கறை பிடிப்பது அதனால்தான்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வீட்டில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை

இந்த அறிகுறியை எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டும். முடிவு வரும்வரை நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். டி.டி.எஸ். 80 என்று காட்டும் நீரிலும் மலக்கிருமி இருக்கலாம். அந்த மீட்டரைக் காட்டி "நல்ல தண்ணி" என்று சொல்கிறவரை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே விதி.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. கழுவிய குடிநீர் பாட்டில் இதற்கு உதவாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ கிருமி நீக்கிய புட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். ஒரே மாதிரியோடு நிறுத்தாமல் கிணறு, மேல்தொட்டி, சமையலறைக் குழாய் ஆகிய மூன்று இடங்களிலும் எடுங்கள். கிணறு சுத்தமாகவும் தொட்டி கெட்டும் இருந்தால் மூடி பொருந்தாத தொட்டியைக் கழுவி மூடினால் போதும். தொட்டி வரை சுத்தமாக இருந்து சமையலறையில் மட்டும் கெட்டிருந்தால், தரையடிக் குழாயின் இணைப்பு ஒன்று கழிவுநீர்க் குழாய்க்கு அருகே கசிகிறதா என்று தேட வேண்டும்.

கிணற்றிலேயே கெட்டிருந்தால் அளவுநாடாவை எடுங்கள். செப்டிக் டேங்கின் நீர் மண்ணுக்குள் இறங்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470. ஐந்து சென்ட் என்பது ஏறக்குறைய 202 சதுர மீட்டர். சதுரமான மனையானால் ஒரு பக்கம் 14 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், மூலைக்கு மூலை அளந்தால் 20 மீட்டர். அதாவது கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் போட்டால் மட்டுமே கணக்குச் சரியாகும்; அப்போதும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் மதிலை ஒட்டி இருந்தால் அத்தனையும் வீண். ஆகவே வரைபடம் போடும்போதே இரு பக்கத்து வீடுகளின் குழிகளையும் அதில் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டி முடித்த வீட்டில் இடம் மாற்ற வழியில்லாதபோது, உறைக்கிணற்றின் மேல் மூன்று மீட்டருக்கு உறைகளின் இணைப்பைச் சிமென்ட் கொண்டு அடைத்து, கிணற்றைச் சுற்றிச் சரிவான தளம் போட்டு, குளோரின் இட்டுப் பயன்படுத்தலாம். நல்ல பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும்; அதற்கு 24 கிராம் அளவில் தேவைப்படும். தூளை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் இறக்கி, ஒரு மணி நேரமாவது விட்டுப் பிறகு இறைக்க வேண்டும். கை நிறைய அள்ளிப் போடுவது எவ்வகையிலும் கணக்காகாது.

நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தாலும் கழிவுநீர்க் கலப்பைச் சந்தேகிக்கலாம். ஆனால் அருகில் வாழைத்தோட்டம் இருந்தால் உரமும் காரணமாகலாம் என்பதால், நைட்ரேட்டை மட்டும் வைத்து அயல்வீட்டாரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

மாடியில் ஷவர் வலுவில்லாமல் வருகிறது

பத்து மீட்டர் உயரம்தான் ஒரு கிலோ அழுத்தம். தொட்டியின் அடியிலிருந்து ஷவர் வரை மூன்று மீட்டர் என்றால் 0.3 கிலோவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இது பிழை அல்ல. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது இரவில் தொட்டியின் மட்டம் இறங்கினால் அது பிழை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே குழாய்களை நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் கைப்பம்பு கொண்டு சோதித்திருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும்.

சுவரில் ஈரம்

ஈரத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை, அலையலையான விளிம்போடு சுற்றிலும் ஏறியிருந்தால் அது ஓதம். அடிமானத்தின் மேல் போட வேண்டிய ஈரத்தடுப்புப் படுகை விடுபட்டிருக்கிறது, அல்லது முற்றத்து மண்ணையும் இன்டர்லாக் கல்லையும் அந்தப் படுகைக்கு மேலே உயர்த்திவிட்டிருக்கிறார்கள். இரண்டாவதானால் மண்ணைத் தாழ்த்தினாலே பாதி குணமாகும். மேற்குச் சுவரில், ஜன்னலின் மேல்மூலையிலோ ஹாலோ பிளாக்குகளின் இணைப்புக் கோடுகளிலோ திட்டுத்திட்டாக இருந்தால் அது கச்சான் காற்று அடித்துக் கொண்டுவந்த சாரல். ஹோஸ் குழாயால் வெளிச்சுவரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசைக்கும் கால் மணி நேரம் விட்டு நனைத்து வாருங்கள். உள்ளே ஈரம் எந்த வரிசையில் வெளிப்படுகிறதோ அங்கேதான் வழி இருக்கிறது. மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஒன்றும் புரியாது. குளியலறைக்குப் பின்சுவரில் ஈரம் என்றால் தரை வடிகாலை அடைத்து இரண்டு விரற்கிடை நீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

வடிவத்தில் பிடிபடாத ஈரத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. முழ அகலச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கத்தில் நீர் துளிர்த்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. தாளுக்கும் சுவருக்கும் நடுவே துளிர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

மழையே இல்லாத, ஆனால் புழுக்கமான நாட்களில் மட்டும் கறுத்து, வெயில் அடித்தால் மறையும் திட்டுகள் தனி வகை. பூச்சில் உப்பு இருக்கிறது. அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சுகிறது. கடல்மணலோ உப்புக் கிணற்று நீரோ கலந்த பூச்சில் இதைக் காணலாம். பூத்திருக்கும் வெள்ளைத் தூளைச் சுரண்டி வடிகட்டிய நீரில் கரைத்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் குளோரைடு இருந்தால் வெண்மையாகத் திரியும். இந்தச் சுவரின் மேல் எத்தனை கோட் டாம்ப்-புரூஃப் அடித்தாலும் உரிந்துதான் விழும். பூச்சை உடைத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதே மணல் கான்கிரீட்டிலும் போயிருக்குமானால் கவலை பெரிது. கம்பியுள்ள கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது, கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்வது கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்கத்தான். அத்தகைய வீட்டில் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு கான்கிரீட்டைத் துளைத்துத் தூள் எடுத்துச் சோதிப்பது அவசியம்.

பூச்சு முடிந்த முதல் ஆண்டில் சுவர் தன் கட்டுமான நீரையே வெளியேற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த நேரத்தில் உள்ளே வால் புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்து மூடினால் ஈரம் போகுமிடம் இல்லாமல் கொப்புளிக்கும்.

அறையில் பூசண வாடை

எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு ஒரு டிஷ்யூ தாளை அதன் கம்பிவலையில் வையுங்கள். தாள் ஒட்டி நிற்காமல் விழுந்தால் காற்று இழுபடவில்லை. அடுத்து அந்த அறையின் கதவைத் திறந்துவிட்டு மீண்டும் வையுங்கள். இப்போது ஒட்டினால் ஃபேன் நன்றாகவே இருக்கிறது, உள்ளே வரும் காற்றுக்குத்தான் வழி இல்லை. கதவின் அடியை ஒரு விரற்கிடை வெட்டினால் தீர்ந்தது. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை வாடைக்காக அல்லாமல் உயிருக்காகவே செய்ய வேண்டும்: காற்று வழியில்லாத அறையில் ஃபேன் இழுக்கும்போது எரிபுகை திரும்ப உள்ளே வரலாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது. அந்தக் கீசரை வெளியே மாற்றுவதே சரி.

இங்கிலாந்தின் காற்றுக்கசிவு வரம்பை நம் வீட்டுக்கு அளவாக்குவதில் பொருளில்லை. அங்கே சூட்டை உள்ளே வைத்திருக்க அடைக்கிறார்கள். நமக்குப் புழுக்கம் வெளியேற வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் வீட்டின் உட்தரைப் பரப்பில் 16.66 விழுக்காடாவது திறக்கக்கூடிய ஜன்னலும் கதவுமாக இருக்க வேண்டும் என்கிறது எக்கோ நிவாஸ் சம்ஹிதா. கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு பலகையுள்ள யு.பி.வி.சி. நகரும் ஜன்னல் எத்தனை பெரிதானாலும் பாதிதான் திறக்கும். 90 சதுர மீட்டர் வீட்டுக்குத் தேவையான 15 சதுர மீட்டரை நகரும் ஜன்னலிலேயே எட்டுவதென்றால் 30 சதுர மீட்டர் ஜன்னல் வைக்க வேண்டும். பழைய மரக் கீல்கதவு ஜன்னலுக்கு இந்த வம்பில்லை.

இரவு ஒன்பது மணிக்கும் மேல்கூரை சுடுகிறது

அகச்சிவப்பு வெப்பமானியால் கூரையின் அடிப்பரப்பையும் உள்சுவரையும் அளந்து ஒப்பிடுங்கள். கூரை தெளிவாகச் சூடு கூடியிருந்தால் பகல் வெயிலைக் கான்கிரீட் சேமித்து இரவில் இறக்குகிறது. மேற்குச் சுவர் கூடியிருந்தால் நிழல்தான் தேவை, கூரைச் செலவு வீண். 15 செ.மீ. வெறும் கான்கிரீட் தளத்தின் வெப்பக்கடத்தல் மதிப்பு (ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கும் வெப்பம்) 3 வாட்டுக்கு மேல். சம்ஹிதாவின் வரம்பு 1.2 வாட். தட்டோடு பதிக்கும்போது அதன் அடியில் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். என்ற வெப்பத்தடுப்பு நுரைப் பலகை வைத்தாலே அந்த வரம்புக்குள் வந்துவிடலாம்.

மின்கட்டணம் கூடுதல், அல்லது மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுகிறது

எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று எழுதியிருந்தால், 1125-ஐ இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 45 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 25 வாட் எங்கோ போகிறது. மெயினை அணைத்தும் மின்னினால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். மெயினை அணைத்ததும் நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எந்தச் சுற்றில் மின்னுகிறது என்று பாருங்கள்.

மழையில் மட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்தால் கேட் விளக்கு, காலிங் பெல், மொட்டை மாடி பாயின்ட் ஆகிய வெளிச்சுற்றுகளில்தான் முதலில் தேட வேண்டும். மாடியில் வாய் திறந்து விடப்பட்ட கான்ட்யூட் வழியே நீர் இறங்கிச் சுவர்ப்பெட்டியில் நிற்பது அடிக்கடி காணும் ஒன்று. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் மின்னணுப் பொருட்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (வயரின் காப்புத்தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றும் 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும். "அடிக்கடி விழுது, எடுத்துருவோம்" என்று ஆர்.சி.சி.பி.யை நேரடியாக்கித் தருகிறவரை அன்றே அனுப்பிவிடுங்கள்.

சத்தம்

குடியிருப்புப் பகுதியில் வெளியே பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபெல் என்பது விதி. கைப்பேசிச் செயலி துல்லியமான எண்ணைத் தராது; ஆனால் அதே கைப்பேசியில் ஜன்னல் திறந்தும் மூடியும் அளந்தால் கிடைக்கும் வித்தியாசம் பயனுள்ளது. மூடியும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் இடுக்கைத் தேடுங்கள். பூசிய 23 செ.மீ. செங்கல் சுவர் 50 டெசிபெல் அளவுக்குத் தடுக்கும். ஆனால் கதவின் அடியில் 2 செ.மீ. இடைவெளி விட்டால் அது கதவுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு, அந்தக் கதவு எத்தனை கனமான தேக்கானாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஜன்னல் விசிலடிப்பதும் இடுக்கால்தான். ஊதுபத்திப் புகையைச் சட்டத்தின் ஓரமாக நகர்த்தினால் அது சாயும் இடம் தெரிந்துவிடும். காற்றோட்டத்துக்காகக் கதவடியை வெட்டச் சொன்னதும் சத்தத்துக்காக அடைக்கச் சொல்வதும் முரண்தான். குளியலறைக்கு வெட்டுங்கள், படுக்கையறைக்கு அடையுங்கள்.

மோட்டார் ஓடும்போது தொலைவிலுள்ள படுக்கையறை இரைந்தால், ஒலி காற்றில் வரவில்லை, குழாயைப் பிடித்துச் சுவர் வழியே வருகிறது. குழாயைக் கையால் அழுத்திப் பிடித்தால் இரைச்சல் மாறும். மோட்டாருக்கு அடியில் ரப்பர் மெத்தை, வெளியேறும் வாயில் ஒரு வளையும் இணைப்பு, கிளாம்புக்குள் ரப்பர் பட்டை ஆகிய மூன்றும் போதும். மோட்டாரை நிறுத்தும்போது மட்டும் ஒரு பெரிய அடி கேட்டால் அது நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு.

அறிகுறியே இல்லாத ஒன்று

மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரை மணலில் கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அந்த மணலைப் பூச்சுக்கோ தரை நிரப்பவோ பயன்படுத்திய வீட்டில் நாக்குக்கோ மூக்குக்கோ எதுவும் தெரியாது. கறுப்பும் பழுப்புமான மினுக்குத் துகள்கள் பூச்சில் தெரிந்தால், அல்லது மணல் எங்கிருந்து வந்தது என்று காண்ட்ராக்டரால் சொல்ல முடியாவிட்டால், காமா கதிர் அளவைச் சுவரோரமாகவும் அறை நடுவிலும் எடுக்கச் சொல்லலாம். தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவின் அரையாயுள் 56 விநாடிகள் மட்டுமே. எனவே அது சுவரை விட்டு அதிகத் தூரம் போவதில்லை, அறையின் நடுவே மேசைமேல் வைத்த கருவியில் பதிவாகாமலே போய்விடலாம். சோதனைக்கு வருபவரிடம் ரேடான் என்ற இன்னொரு கதிரியக்க வாயுவையும் தோரானையும் பிரித்துக் காட்டும் கருவி இருக்கிறதா என்று கேட்டு, கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி அதை வைக்கச் சொல்லுங்கள்.